அந்தக் காட்சியில் மௌனம் இல்லை

விருது அறிவித்த அன்று அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரே நாள். மறுநாள் மாலை நடுவர் குழு வைத்த தேநீர் விருந்தில் அது செத்தது.

அவள் சினிமாவில் சவுண்ட் மிக்ஸிங் பார்ப்பவள். படத்தில் வருகிற பேச்சு, பாட்டு, காலடி, கதவு, காற்று எல்லாம் தனித்தனியாக அவளிடம் வந்து சேரும். எது எவ்வளவு கேட்க வேண்டும், தியேட்டரில் எந்தச் சுவரிலிருந்து கேட்க வேண்டும் என்று முடிவு செய்து ஒன்றாகக் கோப்பது அவள் வேலை. "எம் பொண்ணு மிக்ஸிங் வேலை பாக்குறா" என்று அம்மா தெருவில் சொல்ல ஆரம்பித்த புதிதில், "எந்த பில்டிங்கு? கம்பியெல்லாம் கட்டியாச்சா?" என்று கேட்டார்கள். ஓடைக்கரையில் மிக்ஸிங் என்றால் சிமெண்ட்தான்.

ஊரின் சாக்கடை ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பது ஓடைக்கரை. விலாசத்தில் அந்தச் சொல் இருந்தால் போதும், வேலைக்கு ஆள் எடுக்கிறவன் பேனாவை மூடி வைத்துவிடுவான். வாடகைக்குக் கேட்ட வீடு திடீரென்று வீட்டுக்காரரின் மச்சானுக்குத் தேவைப்படும். இத்தனை வருஷத்தில் இந்த விருது ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போனதே இல்லை. இந்த வருஷம் போனது. சிறந்த ஒலிக்கலவைக்கான விருது, ஓடைக்கரைக்காரி ஒருத்திக்கு.

நடுவர் குழுவின் தலைவரை சினிமா உலகம் தாடி என்றுதான் கூப்பிடும். ஒரு காலத்தில் நல்ல படங்கள் எடுத்தவர். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

"அந்த ஆறு நிமிஷம்மா!" என்று தாடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பையனைப் பறிகொடுத்துட்டு அந்த அம்மா அடுப்படியில உக்காந்திருக்காளே, அந்த ஆறு நிமிஷம்! ஒரு சத்தம் கிடையாது. எப்பேர்ப்பட்ட தைரியம்! உங்க மக்களோட தலைமுறை தலைமுறையான மௌனத்தை அப்படியே கொண்டுவந்து வெச்சிட்டீங்க."

அவள் வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை இறக்கினாள். "ஒரு சத்தமும் கேக்கலையா சார்?"

"துளி கிடையாது. என் கைக்கடிகாரம் ஓடுறது எனக்கே கேட்டுச்சுன்னா பாத்துக்கோங்க."

பக்கத்தில் நின்ற நடுவர் அம்மாள் நெஞ்சில் கை வைத்து, "நான் அழுதே போயிட்டேன்" என்றாள்.

இவளுக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன.

ஏனென்றால் அந்த ஆறு நிமிஷத்தில்தான் அவள் படம் மொத்தத்துக்குமான உழைப்பில் பாதியைக் கொட்டியிருந்தாள். திரையில் அந்தத் தாய் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அழமாட்டாள், மூச்சு கூடக் கேட்காது. இசை வேண்டாம் என்று இயக்குநரோடு மல்லுக்கட்டி எடுத்துவிட்டிருந்தாள். திரைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கரை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தாள். சத்தம் எல்லாம் சுவர்களிலிருந்து வரும். இடது சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி பிள்ளையை வீட்டுப்பாடம் எழுதச் சொல்லித் திட்டுகிறாள். வலது சுவருக்கு அப்பால் குழாயடியில் குடம் நிறைகிறது. நிறைய நிறைய அந்தச் சத்தம் மெலிந்து உயர்கிறது. பின்னால் ஒருவன் ரேடியோவைத் திருகித் திருகிப் பார்க்கிறான், ஒன்றும் பிடிக்கவில்லை. சந்தில் ஒரு பைக் கிளம்ப மறுக்கிறது. இத்தனைக்கும் அடியில் அந்தத் தாய் வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் அந்த முனகல் நிற்கும், உடனே தாயின் கை மட்டும் லேசாக அசையும். மற்ற சத்தமெல்லாம் நிற்காது. அப்போதுதான் பார்க்கிறவனுக்கு உறைக்க வேண்டும், இந்த வீட்டில் எல்லாம் முடிந்துவிட்டது, உலகத்தில் ஒன்றும் முடியவில்லை என்று.

ஓடைக்கரை வீட்டுச் சுவர்கள் அப்படி. பக்கத்து வீட்டில் தும்மினால் இந்த வீட்டில் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். அங்கே எழவு விழுந்தாலும் நிசப்தம் விழாது. அங்கே பிறந்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைக்காத பொருள்களில் நிசப்தமும் ஒன்று. அதைப் போய் அவர்கள் பரம்பரைச் சொத்து என்று எழுதிவைத்து, அதற்கு விருதும் கொடுத்தால் எப்படி இருக்கும்?

மறுநாள் காலை அவள் நேராக நடுவர்கள் படம் பார்த்த சின்னத் தியேட்டருக்குப் போனாள். ஆபரேட்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்து ஸ்பீக்கருங்களா? அது போயி வருஷமாச்சுங்க. ஆம்ப் எரிஞ்சுபோச்சு. பக்கமும் வராது, பின்னாடியும் வராது. மேல சொல்லியாச்சு, யாரும் கண்டுக்கல. பேச்சும் பாட்டும் முன்னாடியே வந்துடுதுங்களா, பாக்குறவங்க ஒண்ணும் சொல்றதில்ல."

"நடுவர்ங்க ஒருத்தர் கூடவா சொல்லல?"

"சொன்னாங்களே. ஏசி ரொம்ப ஜாஸ்தின்னு சொன்னாங்க. குறைச்சு வெச்சேன்."

அவள் பக்கச் சுவருக்குப் போய் ஸ்பீக்கரை மூடியிருந்த துணியில் கையை வைத்தாள். உள்ளங்கை முழுக்கத் தூசி. "இந்த வருஷம் எல்லாப் படமும் இங்கதான் ஓடுச்சா?"

"எல்லாமே இங்கதாங்க."

அப்படியென்றால் செவியாரின் படமும் இங்கேதான் ஓடியிருக்கிறது.

செவியார் இந்தத் தொழிலில் பெரிய தலை. காது அத்தனை கூர்மை என்பதால் வந்த பட்டப்பெயர். அவரிடம்தான் அவள் பல வருஷம் உதவியாளராக இருந்தாள். ஒரு படத்தில் மழை மட்டும் முழுக்க அவள் கோத்தது. தகரத்தில் விழும் மழை, மண்ணில் விழும் மழை, குடையில் விழும் மழை என்று பிரித்துப் பிரித்துக் கோத்தாள். அந்த மழைக்கு இதே விருது செவியாருக்குக் கிடைத்தது. படத்தில் அவள் பெயர் இல்லை. கேட்டபோது, "ஓடைக்கரைன்னு தெரிஞ்சா ஸ்டுடியோக்காரன் மூஞ்சியைச் சுளிப்பான்மா, உன் நல்லதுக்குத்தான் எடுத்தேன்" என்றார். அன்றைக்கு அவர் வாங்கியதற்குப் பெயர் தகுதி. இன்றைக்கு இவள் வாங்கியதற்குப் பெயர் சலுகை. சொல்கிற சினிமா உலகத்தின் வாய் மட்டும் ஒன்றேதான்.

இந்த வருஷம் அவர் செய்திருந்தது ஒரு கடல் படம். புயல் பின்சுவரிலிருந்து கிளம்பி, தலைக்கு மேல் ஏறி, முன்னால் போய் மோதும். நல்ல தியேட்டராகப் பார்த்து அவள் அதை முன்பே போய்க் கேட்டிருந்தாள். பொறாமையாக இருந்தது. மனுஷன் எப்படிப்பட்டவராகவும் இருக்கட்டும், புயல் புயல்தான். அந்தப் புயலை அவள் ஜெயித்தாளா? போட்டிப் பட்டியலில் இருவர் படமும் இருந்ததைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இந்தத் தூசி பிடித்த அறையில் அவர் புயலுக்கும் பாதி உடம்பு இல்லை, அவள் வீட்டுக்கும் சுவர் இல்லை. ஜெயித்ததாக எழுதிவிட்டார்கள், பந்தயமே நடக்கவில்லை.

அன்று மத்தியானமே தாடியின் அலுவலகத்தில் போய் நின்றாள்.

"சார், சத்தமே வராத ரூம்ல உக்காந்து சத்தத்துக்கு விருது குடுத்திருக்கீங்க. ஸ்பீக்கரைச் சரி பண்ணிட்டு எல்லாப் படத்தையும் இன்னொரு தடவை கேளுங்க."

விஷயம் முழுவதையும் கேட்ட பிறகு தாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைக் கிளறாதீங்கம்மா. இதுக்காக நான் மத்த நடுவர்ங்களோட என்ன சண்டை போட்டேன்னு உங்களுக்குத் தெரியாது. உங்க பக்கத்துலருந்து இதுவரைக்கும் ஒருத்தராவது வாங்கியிருக்காங்களா? நீங்க வாங்குறதுதான் முக்கியம். எதுக்கு வாங்குறீங்கன்றது ரெண்டாம் பட்சம்."

"எனக்கு அதுதான் சார் முதல் பட்சம்."

"மௌனமோ சத்தமோ, உணர்வு ஒண்ணுதானேம்மா."

"மறுபடி கேட்டா நான் தோத்துருவேன்னு பயப்படுறீங்களா?"

தாடி கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் தேடினார். அந்தத் தாமதம் போதும். செவியார் அவளைக் கீழே வைத்தார், இவர் தூக்கி மேலே வைக்கிறார். இவள் என்ன செய்தாள் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் அக்கறை இல்லை.

"தோத்தா தோத்துட்டுப் போறேன் சார்" என்றாள். குரல் எழும்பிவிட்டது. வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "ஓட விட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க. இத்தனை வருஷம் எங்களை மைதானத்துக்குள்ளயே விடல. இப்ப விடாமயே கழுத்துல மாலையைப் போட்டு அனுப்புறீங்க. ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"விழா அழைப்பு எல்லாம் போயாச்சும்மா" என்றார் தாடி. அவ்வளவுதான் அவரிடம் இருந்த பதில்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. சந்து முனையில் அவள் படம் போட்ட பேனர். கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது எடுத்த படமாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். வேன் ஓட்டும் தம்பி ஏணியில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே அம்மா, மேடைக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டிய புடவையைக் கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். இவள் நடந்ததைச் சொன்னாள்.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேடி" என்றாள் அம்மா.

"தானமாம்மா இது? நான் உழைச்சது!"

"உழைச்சதுக்குத்தானே குடுக்குறான்?"

"இல்லம்மா. பொறந்ததுக்குக் குடுக்குறான்."

அம்மா புடவையை மடித்தாள். "அதனால என்ன? பொறந்ததுக்காக இத்தனை வருஷம் குடுக்காம இருந்தான்ல, இப்ப பொறந்ததுக்காகவே குடுக்குறான். சரிக்குச் சரியாப் போச்சு. பேசாம வாங்கிட்டு வா."

அம்மாவின் கணக்கு சரியாகவே இருந்தது; அதனால் அவள் கோபம் இரட்டிப்பானது. அந்த நேரம் பார்த்துத் தம்பி செல்போனை நீட்டினான். செவியார் யாருக்கோ பேட்டி கொடுத்திருந்தார். "ஓடைக்கரைக்கு இப்போ ஒரு மார்க்கெட் இருக்கு. நல்லா இருக்கட்டும். அந்த விலாசத்தைக் கடவுள் நமக்குக் குடுக்கல" என்று சிரித்தார். அந்தப் படத்தைக் கேட்டீர்களா என்றதற்கு, "எங்கங்க நேரம்?" என்றார்.

அவள் போனைத் தூக்கிச் சுவரில் எறியப் போனாள்.

"அக்கா, அது என் போன்க்கா!"

எறியவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவும் இல்லை.

விருதை வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தாள். சொன்னால் செவியார் வகையறாவுக்குக் கொண்டாட்டம்: பார்த்தாயா, அவளுக்கே தெரிந்திருக்கிறது என்பார்கள். ஓடைக்கரையில் அடுத்து ஒருத்தி வந்தால், போன தடவை கொடுத்ததற்கே மூஞ்சியில் எறிந்தார்கள் என்று கதவைச் சாத்துவார்கள். பேசாமல் வாங்கிக்கொண்டால், மௌனமான மக்களின் மௌனமான மகள் என்று விருதுக்குத் தாடி எழுதிய பாராட்டு வாசகம் அவள் தலையில் நிரந்தரமாக உட்காரும். மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவள் விழா நாள் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்று முடிவு செய்தாள். வாங்குவது, வாங்கிக்கொண்டு உண்மையைச் சொல்வது. சுற்றி வளைக்காமல், ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது என்று நேராகச் சொல்வது. இதில் யாருக்கு என்ன குழப்பம் வந்துவிடப் போகிறது?

விழா அரங்கம் நிறைந்திருந்தது. அம்மாவும் தம்பியும் நடுவரிசையில். முன்வரிசையில் செவியார், கால் மேல் கால் போட்டு. தொகுப்பாளர் பெண் அந்த வாசகத்தை உருகி உருகிப் படித்தாள். ஒடுக்கப்பட்டோரின் மௌனத்தைத் திரையில் ஒலிக்கச் செய்த கலைஞர் என்றும் அதில் வந்தது. சிலையைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் மைக்கின் முன் நின்றாள்.

"அந்தக் காட்சியில மௌனம் இல்லை" என்றாள். "அதுல நிறைய சத்தம் இருக்கு. எல்லாம் பக்கத்துச் சுவர்லருந்து வர்ற சத்தம். நீங்க யாரும் அதைக் கேக்கல. ஏன்னா உங்க ஸ்பீக்கர் செத்துப்போச்சு. செத்து ஒரு வருஷமாச்சு. யாரும் கவனிக்கல. எங்க சத்தம் மட்டும் இல்ல, இங்க போட்டி போட்ட யாரோட சத்தமும் உங்களுக்குக் கேக்கல. ஸ்பீக்கரைச் சரி பண்ணுங்க. பண்ணிட்டு மறுபடி கேளுங்க."

யாரோ ஒருவர் எழுந்து கைதட்டினார். அவர் பின்னால் ஒரு வரிசை, அப்புறம் இன்னொரு வரிசை. முழு அரங்கமும் எழுந்து நின்று தட்டியது. தாடி கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும்விட வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். "உங்க ஸ்பீக்கர் செத்துப்போச்சு! எப்பேர்ப்பட்ட வார்த்தை!" என்று தொகுப்பாளர் மைக்கில் நெகிழ்ந்தாள். "நம்ம சமூகத்தோட காதுகளைப் பத்தி இதைவிட அழகா யாரால சொல்ல முடியும்?"

"நெஜமான ஸ்பீக்கர்ங்க!" என்று அவள் கத்தினாள். "ஆம்ப் எரிஞ்சுபோச்சு!"

கைதட்டல் இன்னும் பலமானது. வாத்தியக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கியிருந்த நடைவழியில் அவள் சிலையைத் தரையில் போட்டுவிட்டு நின்றாள். ஓடைக்கரைக்காரி வாயைத் திறந்தால் அது கவிதை, இல்லையென்றால் புலம்பல். எரிந்துபோன ஆம்ப்ளிஃபயரைப் பற்றிச் சொல்லக்கூட அவளுக்கு உரிமை இல்லையா? கெட்ட வார்த்தை ஒன்று வாய் வரைக்கும் வந்தது. அப்போது யாரோ வேகமாக வந்தார்கள். செவியார். மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது.

"எந்த ஸ்பீக்கர்?" என்றார். "பக்கமா, பின்னாடியா?"

அவள் அவரையே பார்த்தாள். அத்தனை பேர் இருந்த அரங்கத்தில் அவள் சொன்னது ஒரே ஒருவருக்குத்தான் விளங்கியிருந்தது, அதுவும் இந்த ஆளுக்கு.

"ரெண்டும்" என்றாள்.

"ரெண்டுமா? அப்போ என் புயல்?"

"முன்னாடி மட்டும்தான் வந்திருக்கும். பாதிப் புயல்."

செவியார் பக்கத்து நாற்காலியை எட்டி உதைத்தார். நடுவர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்தார். ஏசியைக் குறைத்து வைத்த கதையை அவள் சொன்னதும் இன்னொரு நாற்காலிக்கும் உதை விழுந்தது. அப்புறம் அடங்கி, அவளைப் பார்க்காமல், "உன் படத்துல அங்க என்னதான் இருந்துச்சு?" என்றார்.

அந்தப் படம் வெளிவந்ததிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "நாளைக்கு வந்து கேளுங்க" என்றாள். "உங்க படத்தையும் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் காலை அவளுடைய மிக்ஸிங் அறைக்கு அவர் வந்தார். எல்லா ஸ்பீக்கரும் உயிரோடு இருக்கிற அறை. முதலில் புயலைப் போட்டாள். இருவரும் முழுக்கக் கேட்டார்கள். பிறகு அடுப்படியைப் போட்டாள். வீட்டுப்பாடம், குடம், ரேடியோ, கிளம்பாத பைக். குடம் நிறைகிற இடத்தில் அவர் தலை வலது பக்கம் திரும்பியது. ஃப்ரிட்ஜ் நின்றது. செவியார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"ஃப்ரிட்ஜ் ஒரு மூச்சு சீக்கிரம் நிக்குது" என்றார், கடைசியில்.

"இல்ல. அந்தம்மா கை அசையுறதுக்கு முன்னாடி நிக்கணும். அப்பதான் கை அசையுறது அதனாலன்னு தெரியும்."

அவர் நாற்காலியின் கையை விட்டார். "சரி" என்றார். "உன்னோடதுதான்."

"என்ன?"

"புயல் பெருசு. ஆனா ஜெயிச்சது உன்னோடதுதான்."

இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது, ஆனால் பின்னாலேயே கோபமும் வந்தது. "இதை வெளிய சொல்லுவீங்களா? பேட்டியில அன்னைக்குச் சிரிச்சீங்களே, அங்க?"

"நான் சொன்னா யாரு நம்புவா? காலத்துக்குப் பயந்து கெழவன் பல்டி அடிக்கிறான்பாங்க."

"அன்னைக்கு மழையிலருந்து என் பேரை எடுத்தப்ப எதுக்குப் பயந்தீங்க?"

செவியார் எதிரே இருந்த மிக்ஸிங் பலகையையும் அதில் வரிசையாக நின்ற பொத்தான்களையும் பார்த்தார். "இன்னொரு தடவை போடும்மா" என்றார். "அந்தக் குடத்தைச் சரியாக் கேக்கல."

வெளியே போங்கள் என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அவள் எழுந்து போய், சத்தம் புகாத அந்தக் கனத்த கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டாள்.

"போடுறேன். எத்தனை தடவை வேணும்னாலும் போடுறேன்" என்றாள். "ஆனா மழைக்குப் பதில் சொல்லாம இந்தக் கதவு திறக்காது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டிவைத்து, காட்சியை முதலிலிருந்து ஓட விட்டாள். இடது சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைக்குத் திட்டு விழ ஆரம்பித்தது.